செல்லில் தொடங்கி உறுப்பு வரை: ஆயத்த ஸ்லைடு பெட்டி வாங்கலாமா?

நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க, முன்கூட்டியே தயாரித்துப் பள்ளி ஆய்வகங்களுக்கென விற்கும் 25 ஸ்லைடு பெட்டி. 75க்கு 25 மி.மீ. கண்ணாடி. செல், திசு, உறுப்பு என்று வரிசைப்படுத்தி அடுக்கியிருப்பதுதான் இதன் பலம்.

கொடுத்த காசுக்கு ஈடு செய்வது சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டு. 4 மடங்கு லென்ஸில் வாஸ்குலார் கற்றைகள், அதாவது நீரும் உணவும் கடத்தும் திசுக் கட்டுகள், வளையமாக நிற்கின்றன. 10க்குத் திருப்பினால் சாஃப்ரனின் என்ற சாயம் ஏறிச் சிவந்த சைலம் (நீர் கடத்துவது) உள்பக்கம், பச்சையாக ஃபுளோயம் (உணவு கடத்துவது) வெளிப்பக்கம். 40இல் சைலக் குழாயின் தடித்த சுவரே தெரிகிறது. உறுப்பு, திசு, செல் மூன்றும் ஒரே ஸ்லைடில்! அடுத்த ஸ்லைடு மக்காச்சோளத் தண்டு. அதில் கற்றைகள் சிதறிக் கிடக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள்.

ரத்த ஸ்லைடுகள் பரவாயில்லை. தவளையின் சிவப்பணுவில் உட்கரு பளிச்சென்று இருக்கிறது, மனிதனுடையதில் இல்லை.

வெங்காயத் தோல் ஸ்லைடு வீண். தோல் மடிந்து செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. இதற்கு எதற்கு ஆயத்த ஸ்லைடு? செதிலின் உட்புறத் தோலை உரித்து, ஒரு சொட்டு நீரில் விரித்து, நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விட்டு, கவர்ஸ்லிப் என்ற மெல்லிய மூடுகண்ணாடியை 45 டிகிரி சாய்த்து மெல்ல இறக்கினால் போதும். தட்டையாகப் போட்டால் காற்றுக்குமிழி மாட்டும். கறுப்பு விளிம்புள்ள அந்த வட்டத்தைத்தான் பிள்ளைகள் உட்கரு என்று வரைந்து வைப்பார்கள்.

40 மடங்கில் குவியமே கிடைக்காவிட்டால் ஸ்லைடு தலைகீழாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குவியத் திருகைத் திருகிக்கொண்டே போனால் ஸ்லைடு விரிசல் விடும், லென்ஸும் கீறும். பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள், சாயம் வெளுக்கும்.