4 மில்லிமீட்டர் பாலிப்புக்காகப் பித்தப்பையை இழந்தேன்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பித்தப்பையில் பாலிப்’ (உள்சுவரில் முளைக்கும் சிறு வளர்ச்சி) என்று பார்த்துவிட்டுத் தூக்கமில்லாமல் இருப்பவர்கள், ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு வயது 43. சாப்பிட்டால் மேல்வயிறு உப்பிக்கொண்டு எரியும் என்றுதான் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் புரட்டிய அறுவை சிகிச்சை மருத்துவர், “கட்டி இருக்கு. விட்டா வளர்ந்து கேன்சர் ஆயிடும். நாளைக்கே எடுத்துடலாம்” என்றார். கேன்சர் என்ற சொல் காதில் விழுந்தபின் வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை. அளவு என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாள் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துத் திசுப் பரிசோதனை முடிவு வந்தது: கொலஸ்டிரால் பாலிப். கொழுப்பு உள்சுவரில் படிந்து உண்டாவது, புற்றுநோயாக மாறாதது. பித்தப்பைப் பாலிப்களில் பெரும்பாலானவை இந்த வகைதானாம். அன்றுதான் ஸ்கேன் ரிப்போர்ட்டை முதல்முறையாக வரிவரியாகப் படித்தேன். 4 மி.மீ. அலமாரியைத் துழாவியபோது மூன்று வருடத்துக்கு முந்தைய உடல் பரிசோதனை ரிப்போர்ட் கிடைத்தது. அதிலும் பாலிப், அதே 4 மி.மீ. ‘வளர்ந்துவிடும்’ என்றாரே, அது மூன்று வருடமாக அசையாமல் இருந்திருக்கிறது.

ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2017-இல் வெளியிட்டு 2022-இல் திருத்திய வழிகாட்டுதல் ஒன்று இருக்கிறது. 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால், உடல் தாங்கும் என்றால், எடுக்கச் சொல்கிறது. 6 முதல் 9 வரை என்றால் வேறு ஆபத்துக் காரணம் ஒன்றாவது சேர வேண்டும்: 60 வயதைத் தாண்டியிருப்பது, பித்தநாளங்கள் தடித்துச் சுருங்கும் ஒருவகை நோய், காம்பில்லாமல் சுவரோடு ஒட்டிய பாலிப், ஆசிய இனத்தவராக இருப்பது. கடைசியாகச் சொன்னது நம் எல்லோருக்கும் பொருந்தும், அதனால் 7, 8 மி.மீ. என்று இருப்பவர்கள் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். ஆனால் அதே 2022-இல் வந்த அமெரிக்க அல்ட்ராசவுண்ட் கதிரியக்க நிபுணர்களின் பரிந்துரை, மெல்லிய காம்புள்ள பாலிப் 9 மி.மீ. வரை இருந்தால் தொடர் ஸ்கேன்கூட வேண்டாம் என்கிறது. நிபுணர்களே ஒத்துப்போகாத இடம் இது. இந்த அளவில் இருப்பவர்கள் இரண்டாவது மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

5 மி.மீ. வரை உள்ளதற்கு, ஆபத்துக் காரணம் இருந்தால், ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்வது ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதுதான். நடுவில் 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தால், அப்போதைய அளவையும் மற்றக் காரணங்களையும் வைத்து மறுபடி யோசிக்க வேண்டும். எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது இதுதான்.

வயிற்றுத் தொந்தரவு இருந்ததே என்பீர்கள். பித்தப்பையால் வரக்கூடிய தொந்தரவு, வேறு காரணமும் தட்டுப்படவில்லை என்றால் ஆபரேஷனை யோசிக்கலாம் என்றுதான் அந்த வழிகாட்டுதலும் சொல்கிறது. என் விஷயத்தில் வேறு காரணத்தை யாரும் தேடவே இல்லை. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகியும் அதே உப்புசம், அதே எரிச்சல். வேறொரு மருத்துவர் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தார். முன்சிறுகுடலில் புண், எச். பைலோரி கிருமி. 14 நாள் மாத்திரையில் சரியானது. பித்தப்பை போனதால் வந்த வயிற்றுப்போக்கு மட்டும் இன்னும் விடவில்லை. தேக்கி வைக்கப் பை இல்லாததால் பித்தநீர் குடலுக்குள் வடிந்துகொண்டே இருக்கிறது, அதனால் சிலருக்கு இப்படி ஆகும் என்கிறார்கள். இதையும் முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. இந்த ஆபரேஷனில் பித்தநாளத்தில் காயம் படுவது அரிது, பட்டால் பெரும் பாடு. நான் அதிலிருந்து தப்பினேன்.

இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அந்த மருத்துவரிடம் போனேன். “கேன்சர் இல்லைன்னு வந்திருக்கு, சந்தோஷப்படுங்க” என்றார். பழைய ஸ்கேன் இருக்கிறதா என்று ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். பதில் சொல்லாமல் மணியை அடித்து அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னார்.