சிங்கப்பூரில் பாவ் தேடிய பத்து நாள்கள்

எடின்பரோவில் குடியேறிய பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் என்னால் சிங்கப்பூருக்கு வர முடிகிறது. ஊருக்கு வருபவர்கள் பெரும்பாலும் பரோட்டாவையும் மீ கோரெங்கையும் தேடுவார்கள். நான் தேடுவது பாவ், அதாவது உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் சீன மாவுப் பண்டம். தோ பாயோ காப்பிக்கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள், ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த அந்தப் பண்டத்தை வாங்கித் தின்றுகொண்டே பள்ளிக்கு நடந்தவள் நான். இம்முறை பத்து நாள் விடுப்பில் அம்மாவையும் உடன் அழைத்துக்கொண்டு சில இடங்களுக்குச் சென்று வந்தேன்.

அம்மா பன்றியும் மாடும் உண்பதில்லை. வெள்ளிக்கிழமை சுத்த சைவம். ஆகவே ஒவ்வொரு கடையிலும் உள்ளே இருப்பது என்ன என்று கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. சார் சியூ பாவில் பன்றி இறைச்சி இருப்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் இனிப்பான தாவ் சா பாவில், அதாவது சிவப்புப் பயற்று விழுது வைத்த பாவில், பழைய முறைப்படி அந்த விழுதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள் என்பதும், மேல்மாவிலும் அதே கொழுப்பைச் சேர்க்கும் கடைகள் உண்டு என்பதும் நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. "பன்றி இல்லை, கொழுப்பு இல்லை" என்று எழுதி ஒட்டியிருப்பது ஹலால் சான்றிதழுக்கு ஈடாகாது. முஸ்லிம் நண்பர்கள் முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் வழங்கிய சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜாலான் பத்துவில், ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் தஞ்சோங் ரூ பாவ் கடை. தஞ்சோங் ரூ எம்ஆர்டி ரயில் நிலையம் 2024 ஜூன் மாதம் திறக்கப்பட்டதிலிருந்து அந்தப் பக்கம் போவது எளிதாகிவிட்டது. இங்குள்ள பாவ் சிறியது. உள்ளங்கையில் இரண்டை வைத்துக்கொள்ளலாம், இரண்டு கடியில் ஒன்று தீர்ந்துவிடும். வரிசையில் நின்று ஆறு வாங்கி, கடைக்கு வெளியே நின்றபடியே தின்றேன். அடியில் ஒட்டியிருக்கும் தாளை உரித்தபோது மாவு அதனுடன் பிய்ந்து வரவில்லை. பாவ் சரியான நேரத்தில் வெந்து, சரியான நேரத்தில் கைக்கு வந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. கண்ணாடிப் பெட்டியில் மணிக்கணக்கில் கிடந்த பாவின் தோல் ஈரம் கோத்து, தாளோடு பாதி மாவும் போய்விடும். பாவ் உண்பதற்கு உரிய இடம் எது என்று கேட்டால், ஆவிக்கலத்துக்கு நாலு அடி தூரத்துக்குள் என்றே சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை சின் சுவீ சாலையில் உள்ள ரெட் ஸ்டார் உணவகத்திற்குச் சென்றோம். 1974 முதல் நடந்துவரும் இந்த உணவகம் ஏழாவது மாடியில் இருக்கிறது. மூங்கில் கூடைகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி மேசைக்கு மேசை கொண்டுவரும் வழக்கத்தை இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள். நாம் எடுப்பதை ஓர் அட்டையில் குறித்துக்கொண்டே போகிறார்கள். வண்டி தள்ளிவந்த மூதாட்டிக்கு ஆங்கிலம் அதிகம் வரவில்லை. அம்மா சற்றும் தயங்காமல், "இனி அடா பாபி?" (இதில் பன்றி இருக்கிறதா?) என்று சந்தை மலாயில் கேட்டார். "தடா, தடா, அயாம்!" (இல்லை, இல்லை, கோழி!) என்று அவர் கூடையைத் திறந்து காட்ட, இருவரும் ஏதோ பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் போலச் சிரித்துக்கொண்டார்கள். அந்த மலாய் என் தலைமுறையின் நாவில் இல்லை.

லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவுக்கு வருபவர்களுக்கு ஜாலான் புசாரில் உள்ள சுவீ சூன் உணவகம் வசதியானது. முஸ்தஃபா பேரங்காடியில் பொருள் வாங்கிய பைகளுடன் நடந்தே போய்விடலாம். 1962இல் தொடங்கிய கடை, இரவு வெகுநேரம் திறந்திருக்கும். இங்கு உப்பு முட்டைக் கரு வைத்த பாவைத்தான் கேட்க வேண்டும். பிய்த்தவுடன் மஞ்சள் குழம்பு வழிந்தோடும், அவசரப்பட்டால் நாக்கு வெந்துவிடும். இத்தகைய உணவகங்களில் பட்டியலில் உள்ள விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 20 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) உண்டால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்ந்து 23 வெள்ளி 98 காசு ஆகும். மேசையில் வைக்கும் ஈரத்தாளுக்கும் தனிக் காசு வாங்கும் இடங்கள் உண்டு. வேண்டாமென்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மனக்கசப்பு ஏற்பட்டது ஒரே இடத்தில், ஒரு கடைத்தொகுதியின் கீழ்த்தளக் கடையில். அங்கே தொடுதிரையில்தான் வாங்க வேண்டும். என் வெளிநாட்டு அட்டையை அது இரண்டு முறை மறுத்தது. பேநவ் என்னும் கைப்பேசிப் பணமாற்றுச் சேவை வழியாகச் செலுத்தச் சொன்னார்கள். உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாதவளுக்கு அதனால் பயனில்லை. ரொக்கம் வாங்க மாட்டோம் என்றார்கள். கடைசியில் அம்மாதான் தம் கைப்பேசியில் பணம் கட்டினார். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால், மூன்று தாவ் சா பாவில் ஒன்றின் தலையில் மட்டும், உள்ளே இருப்பது என்ன என்று அடையாளம் காட்ட இடும் சிவப்புப் பொட்டு இல்லை. எதையும் பிட்டுப் பார்த்தே வாயில் வைக்கும் பழக்கம் அம்மாவுக்கு இருந்ததால் தப்பித்தோம். உள்ளே பன்றி இறைச்சி. திரும்பிச் சென்றபோது மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் எந்தப் பொட்டு எந்தப் பாவுக்கு என்று அங்கு வேலை செய்த இளைஞருக்கே தெரியவில்லை. இந்தப் பொட்டுக் கணக்கு கடைக்குக் கடை மாறும் என்பதால், வாங்கும்போதே விரல் நீட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு நான்கு தாவ் சா பாவ் மீந்திருந்தது. மைக்ரோவேவில் வைத்தால் ஆறியதும் ரப்பராகிவிடும் என்று சொல்லி, அம்மா இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றினார். தட்டில் ஈரத்துணி விரித்து, பாவ்களை இடைவெளி விட்டு வைத்து, மூடியிலிருந்து நீர் சொட்டாதபடி அதற்கும் ஒரு துணி கட்டினார். எட்டு நிமிடத்தில் எடுத்தபோது, காலையில் கடையில் வாங்கியதைப் போலவே தாள் சுத்தமாக உரிந்து வந்தது.