பிரைட்டன் ஒரு நாள்: ஊர் ஜோர், மீன் சுமார்

லீவுக்கு ராயபுரம் வந்து பத்து நாள்தான் ஆகிறது, அதற்குள் லண்டனுக்குப் படிக்கக் கிளம்பும் நம்ம ஏரியாப் பசங்க நாலு பேர் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அண்ணே, அங்க பீச் பாக்கணும்னா எங்க போறது?" ஒவ்வொருத்தனுக்கும் டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லி மாளவில்லை. அதனால் 2025 ஜூன் முதல் வாரச் சனிக்கிழமை நான் பிரைட்டன் போய் வந்ததை, எங்கே காசு வீண், எங்கே வீண் இல்லை என்று சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். என் அம்மாவுக்குக் காசிமேட்டில் மீன் வறுவல் கடை. வாணலிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். மீன் விஷயத்தில் நான் நியாயமாகப் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

லண்டனிலிருந்து தெற்கே 80 கிலோமீட்டர் சொச்சம், ரயிலில் ஒரு மணி நேரம். விக்டோரியாவில் ஏறலாம், லண்டன் பிரிட்ஜ், செயின்ட் பான்க்ரஸ் பக்கம் இருந்தும் நேர் வண்டி உண்டு. போய் இறங்கின முதல் வாரத்திலேயே ரயில்கார்டு வாங்கிவிடுங்கள். 16 முதல் 25 வயதுக்கு என்று பெயர், ஆனால் முழுநேரப் படிப்பு என்றால் வயது தாண்டியவர்களுக்கும் கிடைக்கும். நான் வாங்கும்போது வருஷத்துக்கு 35 பவுண்டு, டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு கழியும், இந்த மாதிரி ஐந்தாறு பயணத்தில் போட்ட காசு திரும்பிவிடும். வார நாளில் காலை 10 மணிக்கு முன்னால் ஏறினால் மட்டும் குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு என்று ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் சனி ஞாயிறு போவது நல்லது. கார்டு இல்லாத பசங்க மூணு பேராகச் சேர்ந்தால் நெரிசல் இல்லாத நேரத்தில் குழுத் தள்ளுபடி உண்டு, அதுவும் மூன்றில் ஒரு பங்குதான். எனக்குப் போக வர 13 பவுண்டுக்குள் முடிந்தது.

பிரைட்டனுக்கு லண்டன் ரயில் வந்தது 1841-இல். நம்ம ராயபுரம் ஸ்டேஷன் திறந்தது 1856-இல். பதினைந்தே வருஷம்தான் வித்தியாசம். அவர்கள் ஸ்டேஷனில் இரும்பும் கண்ணாடியுமாக வளைந்து போகும் கூரையின் கீழே கூட்டம் பொங்குகிறது. தென்னிந்தியாவின் முதல் வண்டி புறப்பட்ட நம்ம ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு நிற்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். சரி, அது வேற வயிற்றெரிச்சல்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ரோட்டைப் பிடித்து நேராக இறங்கினால் கால் மணி நேரத்தில் கடல். வழி கேட்கவே வேண்டாம், கூட்டத்தோடு போனால் போதும். திரும்பும்போது அதே ரோடு ஏற்றம் என்பதை மட்டும் மனசில் வையுங்கள்.

கடற்கரையில் மணல் கிடையாது. ஒரு பிடி கூடக் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், முழுக்கக் கூழாங்கல். செருப்பைக் கழற்றி நாலு அடி வைத்தேன், தீமிதி மாதிரி இருந்தது, திரும்ப மாட்டிக்கொண்டேன். அந்தக் கல்லும் அலையோடு நகர்ந்து போய்விடாமல் இருக்க, கரையிலிருந்து கடலுக்குள் அங்கங்கே குறுக்குச் சுவர் கட்டியிருக்கிறார்கள். கூட வந்த திருநெல்வேலிப் பையன் "இது எதுக்குடே?" என்று கேட்டான். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே போக, வடக்கே எங்கள் பக்கம் கடல் தின்றுகொண்டே வந்தது, அதைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கொட்டியே எங்கள் கடற்கரை கருங்கல் குவியலாகிவிட்டது. நாங்கள் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று கடலைப் பார்க்கிறோம், அவர்கள் அந்தக் கல்லிலேயே துண்டை விரித்துப் படுத்து வெயில் காய்கிறார்கள், அவ்வளவுதான். ஜூன் மாசம் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. தண்ணீர் மட்டும் ஐஸ் பெட்டிக்குள் கை விட்ட மாதிரி.

இப்போது மீன்.

கரையோரத்தில் வரிசையாகக் கடைகள். கூட்டம் அதிகமாக இருந்த ஒரு கடையில் நின்றேன், பெயர் வேண்டாம். ஃபிஷ் அண்ட் சிப்ஸ் ஒரு தட்டு 15.50 பவுண்டு. நம்ம காசுக்கு ஏறக்குறைய 1,800 ரூபாய். அந்த ஊரில் 21 வயதிலிருந்து மேலே உள்ளவர்களுக்கு அப்போது குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12.21 பவுண்டுதான், படிக்கும் விசாவில் காலேஜ் நடக்கும் வாரத்தில் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் மேசை துடைத்த காசு ஒரு தட்டில் போகிறது. சாஸுக்குத் தனிக் காசு. கல்லாவில் அதைச் சொல்லவில்லை, பில்லில்தான் பார்த்தேன், கேட்டதற்குச் சுவரில் ஒட்டியிருந்த சின்ன எழுத்தைக் காட்டினார்கள்.

தட்டைத் திறந்தால் என் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் துண்டு, பொன்னிறமாக, மாவுக் கவசம் போட்டு. கீழே விரல் தடிமனில் உருளைக்கிழங்கு, பக்கத்தில் பச்சையாகப் பட்டாணி மசியல், குத்தித் தின்ன ஒரு மரக்குச்சி முள்கரண்டி. கரண்டியை வைத்ததும் மேல்மாவு அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே மீன் வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரிந்தது, ஆவி வந்தது. வாயில் வைத்தால் உப்பு, எண்ணெய், அப்புறம் ஒன்றுமில்லை. காரம் கிடையாது, புளிப்பு வேண்டுமென்றால் வினிகர் பாட்டிலைக் கவிழ்க்க வேண்டும். ஒரு முள் இல்லை. முள்ளே இல்லாத மீனைத் தின்பது எனக்கு ஏதோ பரீட்சையில் காப்பி அடிக்கிற மாதிரி இருந்தது.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். பிரைட்டனில் மத்தியானம் ஒன்றரை, ராயபுரத்தில் சாயங்காலம் ஆறு. தடைக்காலம் முடியவில்லை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, ஃபைபர் படகில் வருகிற கொஞ்சம் மீனை வைத்துக் கடை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மீனுடா இது?"

"காட்னு சொல்றாங்கமா."

"தலை எங்க? செவுளு எங்க? தோலையும் உரிச்சிட்டான். இது நேத்து மீனா, போன மாசத்து மீனான்னு எப்புட்றா கண்டுபுடிக்கிறது?"

கடைக்காரரிடமே கேட்டேன். நல்ல மனுஷன், மறைக்கவில்லை, நார்வே பக்கத்து மீன், கப்பலிலேயே உறைய வைத்து வருகிறது என்றார். அப்புறம் படித்துப் பார்த்தால் அந்த நாட்டுக் கடைகளில் போடுகிற காட், ஹாடக் மீனில் பெரும்பகுதி வெளியிலிருந்து, நார்வே, ஐஸ்லாந்து பக்கமிருந்து வருகிறதுதான். அதாவது எதிரே அலை அடிக்கிற கடலைப் பார்த்துக்கொண்டே நான் தின்ற மீன் அந்தக் கடலைப் பார்த்ததே இல்லை. அம்மாவிடம் சொன்னபோது ரெண்டு நிமிஷம் சிரித்துவிட்டு, அடுப்பில் கிழங்கான் மீன் கருகுது என்று போனை வைத்துவிட்டாள்.

வைத்த கையோடுதான் அது நடந்தது. தலைக்கு மேல் ஒரு நிழல், ஒரு சிறகு என் காதில் உரசியது, கீழே பார்த்தால் மிச்சமிருந்த பாதி மீன் காணோம். கடல்புறா. புறா என்ற பெயரை நம்பாதீர்கள், கோழி அளவு இருக்கிறது, மஞ்சள் அலகில் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு கொஞ்சமும் பயமில்லாமல் முகத்தைப் பார்க்கிறது. காசிமேட்டுக் காக்கா, ஏலக்கூடத்துப் பூனை எல்லாவற்றிடமும் மீனைக் காப்பாற்றிய பரம்பரை நான். மானம் போச்சு.

மதிப்பெண் கேட்டால் பொரித்த பக்குவத்துக்கு எட்டு, மீனுக்கு அஞ்சு, விலைக்கு ரெண்டு. கரையை விட்டு ரெண்டு தெரு உள்ளே போனால் விலை குறைந்த கடைகள் இருந்தன, அங்கே வாங்குங்கள், வாங்கி உள்ளேயே உட்கார்ந்து தின்னுங்கள். இன்னொன்று, சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள், உருளைக்கிழங்கும் அதே எண்ணெயில்தான். நமக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் சாப்பிடாத நண்பன் கூட வந்தால் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

மீன் ஏமாற்றினாலும் ஊர் ஏமாற்றவில்லை. பசியோடு கரையோரம் நடந்தபோது வளைவுச் சுவருக்குள் ஒரு மீனவர் அருங்காட்சியகம் கண்ணில் பட்டது, இலவசம். உள்ளே ஒரு மரப்படகு, பலகைமேல் பலகை ஏற்றி அடித்தது. தாத்தாவுக்குக் காட்டலாமென்று அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். பிரைட்டனே ஒரு காலத்தில் மீனவர் ஊர்தானாம். ஓல்ட் ஸ்டெய்ன் என்று ஊர் நடுவில் புல்வெளி ஒன்று இருக்கிறது, அங்கேதான் வலை உலர்த்துவார்களாம். 18-ஆம் நூற்றாண்டில் கடல் குளியல் உடம்புக்கு நல்லது என்று பணக்காரர்கள் வர ஆரம்பித்ததும், உலாப் போகிற இடத்தில் வலை காலைத் தடுக்குகிறது என்று சண்டை வந்து, கடைசியில் வேலி போட்டு மீனவர்களை ஒதுக்கிவிட்டார்கள். இதைப் படித்துவிட்டு ஒரு போட்டோ எடுத்து எங்கள் தெரு வாட்ஸாப் குழுவில் போட்டேன். "அங்கயுமா?" என்று ஒரே வார்த்தை பதில் வந்தது.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பாலம் 1899-இல் திறந்தது, அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம், மேலே ராட்டினமும் சூதாட்ட மெஷின்களும். கோடையில் வெளியூர்க்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. தீவுத்திடல் பொருட்காட்சி பார்த்தவர்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. அதற்கு மேற்கே இன்னொரு பாலத்தின் எலும்புக்கூடு கடலில் நிற்கிறது, 1975-இல் மூடி, 2003-இல் தீப்பிடித்து எரிந்தது. அதைப் பார்க்கக் காசு வேண்டாம், பத்து நிமிஷம் நின்றேன்.

விட்டுவிடாமல் பார்க்க வேண்டியது ராயல் பெவிலியன். ஊர் நடுவில் வெங்காயக் கோபுரங்களோடு ஓர் அரண்மனை, தூரத்திலிருந்து பார்த்தால் நம்ம ஊர் நவாபு கட்டியதோ என்று தோன்றும். இந்தியாவையே பார்க்காத இங்கிலாந்து இளவரசன் ஒருத்தனின் ஆசைக்கு 1815-இல் தொடங்கி 1822 வரை எழுப்பினார்கள். உள்ளே போக டிக்கெட் விலை கூடுதல், நான் வெளியே தோட்டத்தில் உட்கார்ந்து இலவசமாகப் பார்த்தேன். தெற்கு வாசலில் கல்லால் ஒரு வளைவு, பெயர் இந்தியா கேட். 1921-இல் இந்தியா கொடுத்தது.

ஏன் கொடுத்தார்கள் என்று படித்தபோதுதான் கொஞ்சம் உறைத்தது. வீட்டில் யாராவது ரொம்பக் கறாராக இருந்தால் எம்டன் என்போமே, அந்த எம்டன் கப்பல் நம்ம துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22 ராத்திரி. அதே முதல் உலகப் போரில் பிரான்சில் அடிபட்ட இந்தியச் சிப்பாய்களை அந்த வருஷக் கடைசியிலிருந்து 1916 தொடக்கம் வரை இந்த அரண்மனைக்குள்தான் படுக்கவைத்து வைத்தியம் பார்த்தார்கள். யார் சமைத்ததை யார் சாப்பிடுவார்கள் என்ற நம்ம ஊர்க் கணக்குக்காகத் தோட்டத்தில் தனித்தனி அடுப்படி வேறு. அந்த நன்றிக்குத்தான் வாசலில் அந்த வளைவு. பிழைக்காத இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை ஊருக்கு வெளியே மேட்டில் எரித்த இடத்தில் வெள்ளைப் பளிங்கில் சத்திரி என்று ஒரு நினைவு மண்டபம் நிற்கிறது. எனக்கு நேரம் போதவில்லை. நீங்கள் போனால் காலையிலேயே கிளம்பி அதையும் பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு அம்மா சும்மா இருப்பாளா? போன ஞாயிறு ஏலத்தில் ஒரு கொடுவா எடுத்து வந்து, முள் நீக்கி, மைதாவில் அரிசி மாவு கலந்து, சோடா ஊற்றிக் கரைத்து, "உன் லண்டன் மீனு" என்று வாணலியில் போட்டாள். வினிகருக்குப் பதில் எலுமிச்சை. ஒரு துண்டு 80 ரூபாய். தினமும் வருகிற ஆட்டோக்கார அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மீனுக்கு ஸ்வெட்டர் போட்டு வுட்டுட்ட?" என்றார். அஞ்சு துண்டு போனது. மீதி மூன்றை நானும் தங்கச்சியும் தின்றோம், மிஞ்சின மாவில் அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டாள், அது பத்து நிமிஷத்தில் தீர்ந்தது.