பாலர் வகுப்புக்குச் சுற்றாடல் பாடம்: பயறா, கடற்கரையா, மழையா, யோகட் கப்பா?

ஜனவரியில் பாலர் பாடசாலை திறந்த கையோடு ஆண்டுக்கான கருப்பொருள் பட்டியல் சுவரில் ஏறிவிடும். நான், என் குடும்பம், பழங்கள், வாகனங்கள் என்று போய், நடுவில் எங்கேயோ ‘எமது சுற்றாடல்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு என்ன செய்வது என்று கேட்டால், திருகோணமலையில் ரீச்சர்மாருக்குள்ளேயே ஆளுக்கொரு கட்சி. இணையத்தில் படத்தாள் எடுத்து நிறம் தீட்டக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். யோகட் கப்பிலும் ரெஜிபோமிலும் கைவேலை செய்விப்பவர்கள் இருக்கிறார்கள். பஸ் பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போவோம் என்பார்கள் சிலர். பயறு முளைக்கப் போட்டாலே போதும் என்பார்கள் மீதிப் பேர்.

நான் பயறுக் கட்சி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை எதையும் ஒருமுறை பார்த்துப் படிப்பதில்லை. அதே செடியை நாலு நாள் சுற்றிச்சுற்றி வந்து, தொட்டு, மணந்து, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டால்தான் அதற்கு ஏதாவது மனதில் நிற்கும். ஆகவே நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: நாளைக்கும் போய் இதைப் பார்க்கலாமா? காசு எவ்வளவு, பெரியவர்கள் எத்தனை பேர் வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அடுத்த கணக்கு.

படத்தாளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மலிவு, வகுப்பு அமைதியாக இருக்கும், அவ்வளவுதான். பருவகாலம் என்ற தலைப்பில் வரும் தாள்களில் பனிமனிதனும் செம்மஞ்சள் இலையும் கம்பளித் தொப்பி போட்ட அணிலும்தான் இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த பருவம் இரண்டு: ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழையும் வாடையும், மற்ற மாதங்களில் வெயில், அதன் நடுவில் கச்சான் காற்று. வாசலில் புள்ளிமான் நிற்கிற ஊரில் துருவக் கரடிக்கு நிறம் தீட்ட என்ன அவசரம்? தாள்தான் வேண்டுமென்றால் பனையும் நண்டும் மானும் ரீச்சரே வரைந்து பிரதி எடுக்கலாம். கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

‘கழிவிலிருந்து கைவேலை’ பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. யோகட் கப்புக்குக் கண் ஒட்டி, மினுக்கத் தூள் தூவி, பென்குயின் செய்வோம். கண்காட்சிக்கு அம்மாமார் வந்து படம் எடுப்பார்கள். அடுத்த கிழமை அது குப்பைத் தொட்டியில், இப்போது பசையும் மினுக்கமும் சேர்ந்து, முன்பு இருந்ததை விட மோசமான குப்பையாக. அந்த மினுக்கத் தூளும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். கழுவிய கப் போதவில்லை என்று கடையில் புதுக் கட்டு வாங்கிக் ‘கழிவு’ செய்கிற கூத்தும் நடக்கிறது. விரல்களுக்கு வேலை கொடுப்பது நல்லது, அதை மறுக்கவில்லை. அந்த வேலையை ஓலையிலும் சிரட்டையிலும் பூவரசம் இலையிலும் கொடுக்கலாமே. பூவரசம் இலையைச் சுருட்டி ஊதினால் பீப்பீ. ஓலைக்கீற்று இரண்டும் ஈர்க்கு ஒன்றும் இருந்தால் காற்றாடி. கச்சான் அடிக்கிற ஜூன், ஜூலையில் பிள்ளை ஓடக்கூடத் தேவையில்லை. வாசலில் பிடித்துக்கொண்டு நின்றாலே சுற்றும், வகுப்புக்குள் கொண்டுபோனால் நின்றுவிடும். ஏன் நின்றது என்று அவர்களே உள்ளேயும் வெளியேயும் நாலுதரம் போய்வந்து பார்ப்பார்கள். உடைந்தால் மரத்தடியில் போடலாம், உக்கிவிடும்.

இனிக் கடற்கரை. இதில் நான் இரண்டு மனதாக இருக்கிறேன். நன்றாகச் செய்தால் இதற்கு ஈடு எதுவும் இல்லை, அரைகுறையாகச் செய்தால் அது வெறும் சுற்றுலா.

காலம் முக்கியம். கிழக்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் பொதுவாக அமைதி. வாடைக்காலத்தில் கொந்தளிப்பு, அப்போது பாலர் பிள்ளைகளுடன் அந்தப் பக்கமே வேண்டாம். அமைதிக் காலத்திலும் காலை ஏழு மணிக்குப் போய் எட்டரைக்குத் திரும்பிவிட வேண்டும். ஒன்பது மணி கழிந்தால் மணல் காலைச் சுடும், பிள்ளைகள் அழத் தொடங்குவார்கள். மூன்று பிள்ளைக்கு ஒரு பெரியவர் இல்லையென்றால் போகாமல் இருப்பதே நல்லது. தண்ணீருக்குள் யாரும் இறங்குவதில்லை என்பதைப் பஸ் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும், பெற்றோருக்கும் சேர்த்து. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறியை (ஜெல்லிமீனை), அது செத்தது போலத் தெரிந்தாலும், தொடக் கூடாது.

போனால் பார்க்க என்ன? பெரிய கடலைப் பார்க்க வேண்டாம், அதைப் பார்த்து அவர்கள் இரண்டு நிமிடம் கத்துவார்கள், அவ்வளவுதான். மணலைப் பார்க்க வேண்டும். நண்டுப் பொந்துக்கு வெளியே அது வாரிக் கொட்டிய புது மணல் ஈரமாக, வேறு நிறத்தில் இருக்கும். நாலு பிள்ளைகள் கொஞ்சத் தூரத்தில் குந்தி வாயை மூடிக்கொண்டு இருந்தால், முதலில் கம்பி மேல் வைத்தது மாதிரி இரண்டு கண் வெளியே வரும். யாராவது ஒருவர் சிரித்துவிடுவார், கண் உள்ளே போய்விடும், மறுபடி காத்திருக்க வேண்டும். இராவணன் மீசைப் புல்லின் முள் உருண்டைகள் காற்றில் மணல் மேல் உருண்டு போவதைத் துரத்தலாம். அது தன் விதையைத்தான் அப்படிக் கொண்டுபோகிறது. அடம்பன் கொடியை ஓரிடத்தில் தூக்கிப் பார்த்தால், அது கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்து வைத்திருப்பது தெரியும். கரைவலை இழுக்கிற இடமாக இருந்தால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் முதல்நாளே ஒரு சொல் சொல்லி வைக்கலாம். சூடை, கீரி, நெத்தலி மீன்கள் உயிரோடு துள்ளுவதை வீட்டுச் சட்டியில் மட்டும் கண்ட பிள்ளைகள் பார்க்கட்டும். ஊரியும் சிப்பியும் பொறுக்கலாம், பார்த்து முடிந்ததும் அங்கேயே போட்டுவிட்டு வரவேண்டும். வெறும் ஓட்டுக்குள் குடிபோகிற நண்டு இருக்கிறது, அதற்கு வீடு வேண்டும்.

புறாத்தீவுக்குக் கூட்டிப்போகலாமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். நிலாவெளிக் கரையிலிருந்து படகில் போகிற பயணம், முருகைக்கல் நிறைந்த இடம், 2003 முதல் தேசிய பூங்கா, அங்கிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுத்துவரக் கூடாது. எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிற வயதுப் பிள்ளைகளுக்கு அது இடம் அல்ல. பத்து வயதில் போகட்டும்.

கரைக்கு நடந்து போகிற தூரத்தில் பாடசாலை இருந்தால் கடற்கரை பயறை வென்றுவிடும், கிழமைக்கு ஒருமுறை அதே இடத்துக்குப் போகலாம் என்பதால். டச் பே பக்கமும் உப்புவெளியிலும் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். தம்பலகாமத்திலிருந்தோ கன்னியாவிலிருந்தோ வருடத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்கு மிஞ்சுவது பஸ்ஸும் ஐஸ்கிறீமும்தான். தம்பலகாமத்துப் பிள்ளைக்கு வயல் வரம்பு இருக்கிறது, கிண்ணியாப் பக்கம் கண்டல் மரம் இருக்கிறது. கண்டலில் சில இனங்களின் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து, ஈட்டி மாதிரி நீண்டு, பிறகுதான் சேற்றில் விழும். அதைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

சரி, பயறு. இரவு ஊறவைத்து, ஒளி ஊடுருவும் கப்பில் ஈரப் பஞ்சில் போட்டால் மறுநாளே வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். இந்த வேகத்துக்காகத்தான் பயறு. ஆனால் பஞ்சில் விட்டால் அது சில நாளில் சோர்ந்து சாய்ந்துவிடும், பிள்ளைக்கு மிஞ்சுவது செத்த செடி. இலை விட்டதும் மண்ணுக்கு மாற்ற வேண்டும். பஞ்சில் பார்ப்பதற்குப் பயறும், மண்ணில் ஊன்றுவதற்குக் கௌப்பியும் என்பது என் தெரிவு. கௌப்பி விதை சின்ன விரலுக்கு எடுக்கச் சுகம், இரண்டு மாதத்துக்குள் காயும் காட்டிவிடும்.

ஆளுக்கொரு கப்பா, எல்லாருக்கும் ஒரு பாத்தியா என்பது இன்னொரு வழக்கு. கப் என்றால் ‘என்ர செடி’ என்ற பெருமை வரும், முளைக்காதவன் அழுவான். கப்புக்கு மூன்று விதை போட்டால் அந்த அழுகை பெரும்பாலும் வராது. பாத்தி என்றால் பெருமையும் இல்லை, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் தண்ணீர் ஊற்றி வேரை அழுக வைக்கிற ஆட்கள்தான் அதிகம். 1840இல் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பாலர் பாடசாலைக்குப் பெயர் வைத்த ஜெர்மானியர் ஃபுரோபெல், பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பாத்தியும் சுற்றிவரப் பொதுப் பாத்தியும் இருக்க வேண்டும் என்றார். முற்றம் இருந்தால் அதையே செய்யலாம். கழுவிய யோகட் கப்புக்கும் இங்கேதான் நியாயமான வேலை, அடியில் மூன்று துளை போட்டால்.

பயறையும் தோற்கடிக்கிற ஒன்று உண்டு, அதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை: கறிவேப்பிலைப் புழு. தேசி மரத்திலும் இருக்கும். முதலில் காகத்தின் எச்சம் ஒட்டியது போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், பிள்ளைகளுக்குப் புழு என்றே தெரியாது. தோல் கழற்றிக் கழற்றி வளர்ந்து பச்சைக்கு மாறும். ஈர்க்கால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். வகுப்பே பின்னால் சாயும், பிறகு “ரீச்சர், இன்னொருக்கா!” என்று முன்னால் வரும். இன்னொருக்கா கிடையாது, புழு பாவம். பிறகு ஒரு நாள் அது தின்பதை நிறுத்தி, கிளையில் நூல் கட்டிச் சாய்ந்து கூடாகிவிடும்.

“செத்துப்போச்சா ரீச்சர்?”

“தெரியாது, பார்ப்போமே.”

முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதம். ஒவ்வொரு காலையும் பார்க்க ஏதாவது இருக்கும், செலவு ஒரு சதமும் இல்லை. போத்தலில் வளர்ப்பதை விட மரத்திலேயே விட்டுப் பார்ப்பது நல்லது, இடையில் குருவி கொத்திக்கொண்டு போனாலும் அதுவும் பாடம்தான். போத்தலில்தான் வளர்ப்போம் என்றால் கடையில் வாங்கிய கறிவேப்பிலை போடவேண்டாம், மருந்து அடித்ததாக இருந்தால் புழு செத்துவிடும். மயிர்க்கொட்டியையும் இதையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளக் கூடாது, உரோமம் உள்ள எதையும் தொடுவதில்லை என்று ஒரு சட்டம் போட்டுவிடுங்கள். எருக்கலையிலும் அழகான வரிப் புழு இருக்கும், ஆனால் அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, விட்டுவிடலாம்.

மூன்றாம் தவணைக்கு மழை. ஒக்டோபர், நவம்பரில் ஊரே நனைந்திருக்கும்போது எங்கள் பிள்ளைகளை உள்ளே வைத்து ‘மழையே மழையே’ என்று பாட்டு மட்டும் படிப்பிக்கிறோம். போத்தலை வெட்டி, மேல்பாதியைக் கவிழ்த்து வைத்தால் மழைமானி. மில்லிமீற்றர் தேவையில்லை, நிற ரேப் ஒட்டி ‘நேற்றுச் சிவப்பு வரை, இன்றைக்குப் பச்சை வரை’ என்றால் போதும். பார்த்ததும் தினமும் கொட்டிவிட வேண்டும், வெள்ளிக்கிழமை கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் நுளம்புதான் வரும், டெங்குக் காலத்தில் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்து கேட்டால் சுற்றாடல் பாடம் என்று சொல்ல முடியாது. சிரட்டையையும் கப்பையும் கவிழ்ப்பதைப் பிள்ளைகளின் வேலையாகவே ஆக்கிவிடலாம், அதற்கு மேல் சுற்றாடல் கல்வி வேறென்ன?

மழை விட்டதும் முற்றத்தில் நத்தை, மரவட்டை, சிவப்புத் தம்பளப்பூச்சி எல்லாம் வரும். வேலியில் கார்த்திகைப் பூ பூத்திருந்தால் தூரத்திலிருந்து மட்டும் காட்டுங்கள், அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கு மிக மோசம். சளி பிடிக்கும் என்று அம்மாமார் சண்டைக்கு வருவார்கள். மாற்று உடுப்பும் துவாயும் கொடுத்துவிடச் சொல்லி முதல் கூட்டத்திலேயே கேட்டு வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

மான் பற்றி இரண்டு வரி. பிரட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பெரும்பாலான பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்ததுதான், தனிப் பயணம் தேவையில்லை. கோயிலுக்குப் போகும்போது மான் என்ன தின்கிறது என்று பார்த்துவரச் சொன்னால் போதும். சொப்பிங் பை என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும், யோகட் கப் பென்குயின் சொல்லாததை அது சொல்லிவிடும். தீனி கொடுக்க வேண்டாம் என்று அப்பாமாருக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக ஜூன் 5. உலகச் சுற்றாடல் தினம் என்று 1972இல் ஐ.நா. குறித்த நாள், அதனால் மரக்கன்று நட்டுப் படம் எடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. திருகோணமலையில் ஜூன் என்றால் கச்சானும் காய்ந்த மண்ணும். அன்றைக்கு நட்டு, ஓகஸ்ட் விடுமுறையில் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது குச்சிதான் நிற்கும். நடுவதை ஒக்டோபரின் முதல் நல்ல மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஜூன் 5க்கு, முற்றத்தில் ஏற்கெனவே நிற்கிற வேம்பைச் சுற்றிப் பிள்ளைகள் கை கோத்து எத்தனை பேர் வேண்டும் என்று அளக்கட்டும், அடியில் சருகு போட்டு மூடட்டும், கை கழுவுகிற தண்ணீர் அந்த மரத்துக்குப் போகிற மாதிரி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டட்டும்.