மழையில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 கார்: மாற்றிய டயர்களோடு 32,000 கிலோமீட்டர்

2022 ஜூன், தென்மேற்குப் பருவமழை பிடித்த முதல் வாரம். கோயம்புத்தூரிலிருந்து திருச்சூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாளையாறு தாண்டியதும், லாரிச் சக்கரங்கள் அழுத்தி அழுத்திச் சாலையில் உண்டாக்கியிருந்த பள்ளத் தடங்களில் தண்ணீர் நின்றிருந்தது. வேகம் 90. திடீரென ஸ்டீயரிங் கையில் கனமில்லாமல் போயிற்று. ஒரு நொடிதான் இருக்கும். அந்த வேகத்தில் ஒரு நொடி என்பது 25 மீட்டர். பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தேன். டயர் மீண்டும் தாரைத் தொட்ட அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது. பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். முன் டயர்களில் பட்டன் ஆழம், அதாவது சாலையைத் தொடும் பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழம், 2.4 மில்லிமீட்டர். சட்டம் கேட்பது 1.6தான் என்பதால் அதுவரை நிம்மதியாக ஓட்டியிருக்கிறேன். அந்த 1.6 காய்ந்த சாலைக்குப் போதும், தேங்கிய தண்ணீருக்குப் போதாது. டயரின் பள்ளங்கள் தண்ணீரை வாரி வெளியே தள்ள வேண்டும். பள்ளம் குறையக் குறையத் தண்ணீருக்குப் போக இடமில்லாமல் டயரையே தூக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு அந்த டயர்களுக்கு ஐந்து வயது. நகத்தால் அழுத்தினால் தடம் விழாத அளவுக்கு ரப்பர் இறுகியிருந்தது.

இந்தக் காரில் 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அத்தனையும் முன் சக்கரங்கள் இரண்டின் வழியாக மட்டுமே சாலைக்குப் போகிறது. பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், கார் சறுக்காமல் நிலைப்படுத்தும் இஎஸ்சி, வளைவில் உள்பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்து இழுக்கும் எக்ஸ்டிஎஸ் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவை எதுவும் பிடிமானத்தை உண்டாக்குவதில்லை. டயர் கொடுக்கும் பிடியைப் பங்கிட்டுத் தருகின்றன, அவ்வளவுதான். டயர் கைவிட்டால் பங்கிட ஒன்றும் இல்லை.

புது டயர் தேடியபோது நண்பர்கள் 235 மில்லிமீட்டர் அகலத்துக்கு மாறச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். அகலமான டயர் காய்ந்த சாலையில் கூடுதல் பிடி தரலாம். மழையில் அதே டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும், சீக்கிரம் மிதக்கும். கம்பெனி கொடுத்த 225/45 ஆர்17 (அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், 17 அங்குலச் சக்கரம்) அளவிலேயே மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எடுத்தேன். பக்கச்சுவரில் 320, ஏஏ, ஏ என்று இருக்கும். பலரும் அந்த முதல் எண்ணை, அதாவது தேய்மான எண்ணை மட்டும் பார்த்து, 400க்கு மேல் இருந்தால் நல்ல டயர் என்று வாங்குகிறார்கள். நடுவில் இருக்கும் ஏஏ என்ற எழுத்துதான் ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் திறனுக்கான தரம். அதில் மிக உயர்ந்தது ஏஏ. நீண்ட ஆயுளையும் ஈரப்பிடியையும் ஒரே டயரில் முழுமையாகப் பெறுவது கடினம். எனக்கு இரண்டாவது வேண்டியிருந்தது.

கடையில் முதலில் எடுத்து வைத்த டயர்களில் 2220 என்ற எண் இருந்தது. 2020ஆம் ஆண்டின் 22ஆவது வாரத் தயாரிப்பு. வேண்டாம் என்று சொல்லி, ஒரு வாரம் காத்திருந்து 2022 தயாரிப்பு வாங்கினேன்.

முதல் மழையிலேயே வேறுபாடு தெரிந்தது. முன்பெல்லாம் நனைந்த சிக்னலில் புறப்படும்போது முன் சக்கரங்கள் வெறுமனே சுழன்று டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு சிமிட்டும். இப்போது அதைப் பார்ப்பதே அரிது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில்தான் உண்மையான சோதனை. சாரல், பாறையிலிருந்து சாலைக்கு வழியும் ஓடை, அழுகிய இலைச் சருகு. பிரேக் பிடித்தபடியே வளைவுக்குள் திருப்பினாலும் மூக்கு நினைத்த இடத்துக்குத் திரும்புகிறது. எல்லைக்கு அருகே போனால் ஸ்டீயரிங்கின் கனம் மெதுவாகக் குறைந்து முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இந்த முன்னறிவிப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடி கூடும் என்று இன்றும் சில பஞ்சர் கடைகளில் சொல்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். விமான டயர்களை வைத்து நாசா கண்ட ஒரு கணக்கு உண்டு: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால், தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் அளவில் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வரும். 33 பிஎஸ்ஐக்கு அது ஏறக்குறைய மணிக்கு 96 கிலோமீட்டர். 26க்கு இறக்கினால் 85. கார் டயருக்கு இது அப்படியே பொருந்தாவிட்டாலும் திசை ஒன்றுதான். நான் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அளவையே, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

14,000 கிலோமீட்டரில் ஒரு குழியில் இறங்கி இடது முன் டயரின் பக்கச்சுவர் புடைத்தது. 45 விகிதப் பக்கச்சுவரோடு நம் சாலைகளில் ஓடுபவர்கள் இதற்கு ஒரு தொகை ஒதுக்கித்தான் ஆக வேண்டும். புடைப்பைக் கண்டதும் மாற்றிவிடுங்கள், ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள். அப்போது இரண்டு புதிய டயர்கள் வாங்கினேன். முன்சக்கர இயக்கம்தானே, முன்னால் மாட்டலாம் என்றார் கடைக்காரர். பின்னால் மாட்டச் சொன்னேன். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்து மீட்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும். ஈரச் சாலையில் அதை மீட்கும் திறமை நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை.

இப்போது 32,000 கிலோமீட்டர். முன்னால் 3.1 மில்லிமீட்டர், பின்னால் 4.6. காய்ந்த சாலையில் இன்னும் ஒரு வருடம் ஓடும் என்கிறார்கள். போன வாரம் பெய்த கோடை மழையில் அவிநாசி சாலைத் தேக்கத்தின் மேல் போனபோது, ஸ்டீயரிங் மீண்டும் லேசாக இளகியதை உணர்ந்தேன். ஜூனுக்கு முன்பே அடுத்த செட்டுக்குச் சொல்லிவைத்துவிட்டேன்.