காசிமேட்டு லைவுக்கு இந்தக் காலர் மைக் தாங்குமா?

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலத்தை லைவ் போடுகிறவர்களுக்குப் படத்தைவிடச் சத்தம்தான் முக்கியம். சட்டையில் குத்தும் இந்த டைப்-சி ஒயர்லெஸ் மைக்கில் ஏலம் கூவுகிறவரின் குரல் கணீரென்று விழுகிறது, விசைப்படகு இன்ஜின் அமுங்கிவிடுகிறது. ஆனால் நாய்ஸ் கேன்சலை (சுற்றுச் சத்தத்தைக் குறைக்கும் வசதி) முழுக்க ஏற்றினால் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் இருக்கும். குறைந்த அளவே போதும்.

கடல்காற்றுக்குப் பஞ்சு உறை பத்தாது, ரோம உறை கட்டாயம். மைக் போனுக்குச் சத்தத்தை அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடம்பே மறைத்துவிடும். அதனால் மைக் நெஞ்சில், போனைப் பார்த்தபடி இருக்கட்டும். போனுக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்துக்குள் போனால் சத்தம் விட்டுவிட்டுத்தான் வரும்.

பெரிய குறை, மைக்கின் சத்தத்தை வாங்கப் போனில் செருகும் ரிசீவர் சார்ஜிங் துளையை அடைத்துக்கொள்வது. இரண்டு மணி நேர லைவ் என்றால் போன் பேட்டரி தாங்காமல் போகலாம். சார்ஜும் ஆடியோவும் சேர்ந்து போகும் ஸ்ப்ளிட்டராகப் பார்த்து வாங்குங்கள். ஹெட்போனுக்கு மட்டுமான மலிவு ஸ்ப்ளிட்டரில் மைக் எடுக்காமல் போகலாம். வீடியோ தரத்தை 720பி-யிலும் அனுப்பும் வேகத்தை 3 எம்பிபிஎஸ்ஸிலும் வைத்தால் மணிக்குச் சுமார் 1.35 ஜிபி டேட்டா போகும்.

கூடையிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் பட்ட மைக்கை அப்படியே அதன் சார்ஜ் டப்பாவில் வைக்காதீர்கள். உப்பு ஏறினால் சார்ஜ் பின்கள் பச்சை பூத்துவிடும். லேசாக ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி.