கூடுதல் வேகத்துக்குப் பணம் கட்டும் முன் டிஎன்எஸ் சர்வரைச் சோதியுங்கள்

இணையம் மந்தமாக இருக்கிறது என்று இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடம் புகார் செய்தேன். கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். மாறி, மூன்று மாதம் அதிகக் கட்டணமும் கட்டினேன். பழுது வேகத்தில் இல்லவே இல்லை. அவர்கள் கொடுத்த டிஎன்எஸ் சர்வர்களில், அதாவது தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்லும் கணினிகளில் இருந்தது.

அறிகுறியைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் ஒன்றும் நடக்காது. மனத்துக்குள் ஐந்து எண்ணி முடித்ததும் பக்கம் மொத்தமும் சட்டென்று வந்து விழும். எண் முகவரியைத் தந்தால், எதிர்முனைக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை உடனே பதில் சொல்லும். பெயரைத் தந்தால் தயங்கும். அந்த ஐந்து தற்செயல் அல்ல. லினக்ஸ் இயங்குதளம் வழக்கமாக முதல் சர்வரிடம் 5 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்கும். எனக்குக் கொடுத்த இரண்டில் முதலாவது வாயே திறக்கவில்லை. முடியாது என்று மறுத்திருந்தால்கூடக் கணினி அப்போதே அடுத்ததற்குப் போயிருக்கும்.

இரண்டாவது இன்னும் மோசம். டிஎன்எஸ் சர்வரிடம் நேரடியாகக் கேட்கும் டிக் கட்டளையில் கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டி, இல்லாத பெயர் ஒன்றைக் கேட்டேன். அப்படி ஒரு பெயர் இல்லை என்பதே நேர்மையான பதில். வந்ததோ ஓர் எண் முகவரி; திறந்தால் விளம்பரப் பக்கம். என் காப்புநகல் நிரலில் சர்வர் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்ததை இந்தப் பொய்தான் மறைத்தது. பிழை காட்டி நிற்க வேண்டிய நிரல், விடியும்வரை விளம்பர சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. நகல் எடுக்கப்படவே இல்லை. கேட்டால், வாடிக்கையாளர் வசதிக்காக என்றார்கள்! இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவசரத்துக்குச் சில முகவரிகளை, டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிவைத்தேன். அதை அளவோடு செய்யுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு தளம் முகவரி மாறியது. என் கணினி பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது. டிக் அந்தக் கோப்பைப் பார்க்காது என்பதால் புதிய முகவரியைக் காட்டியது. அரைநாள் போயிற்று. இப்போது அதில் என் அச்சுப்பொறியின் பெயர் மட்டுமே இருக்கிறது.

ரவுட்டரில் 1.1.1.1, 9.9.9.9 என இரு வேறு அமைப்புகளின் சர்வர்களைப் போட்டேன். கணினியில் காத்திருப்பை 1 விநாடியாகக் குறைத்தேன். மாற்றிய பிறகும் இல்லாத பெயரைக் கேட்டுப் பாருங்கள். அதே விளம்பரம் வந்தால், டிஎன்எஸ்ஸுக்கென உள்ள 53ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) போகும் கேள்விகளை அவர்கள் வழிமறிக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த டிஎன்எஸ்ஸுக்கு மாறிவிடுங்கள்.

கூடுதல் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன். நீங்களே விரும்பித்தான் திட்டம் மாறினீர்கள் என்று எழுதி, புகாரை முடித்துவிட்டார்கள்.